மழலையும் மறுமொழியும்

மொகலாயப் பேரரசர் அக்பர் எதனையும் சோதித்து அறியும் வேட்கை மிக்கவர். மனிதன் பேசும் மொழி அவனுடன் பிறப்பதா, பிறரிடம் கேட்டுப் பெறுவதா என்னும் வினா ஒருகால் அவர் அவையில் எழுந்தது. கேட்டுப் பெறுவதே என்பது அக்பரின் கருத்து. அதனை மெய்ப்பிக்க அவர் தனியே ஒரு மாளிகை அமைத்து, பிறந்து சின்னாளே ஆன குழந்தைகள் சிலரை அதில் வைத்தார். பாலூட்டச் செவிலியர் இருந்தனர், காவலர் இருந்தனர், உணவுக்கும் உடைக்கும் குறைவில்லை. ஆனால், அக்குழந்தைகளின் செவியில் ஒரு சொல்லும் விழலாகாது என்பது பேரரசரின் ஆணை. 1582-ஆம் ஆண்டில் அவர் அம்மாளிகைக்குச் சென்று பார்த்தபோது, பொருளற்ற ஒலியன்றி ஒரு சொல்லும் அங்கே கேட்கவில்லை என்று அபுல் பாசல் தம் ‘அக்பர் நாமா’வில் எழுதி வைத்தார். ‘குங் மகால்’, அஃதாவது ஊமை மாளிகை என்னும் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

இதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எகிப்து நாட்டு மன்னன் சம்மெத்திகஸ் இதே போன்றதொரு சோதனையைச் செய்தான் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ் கூறுகிறார். அவன் இரு குழந்தைகளை ஓர் இடையனிடம் ஒப்படைத்து, அவர்கள் முன் எவரும் வாய் திறக்கலாகாது என்றானாம். ஈராண்டு கழிந்தபின் அவை ‘பெக்கோஸ்’ என்றனவாம். பிரிகிய மொழியில் அச்சொல் அப்பத்தைக் குறிக்குமாம். ஆதலின் எகிப்தியரினும் பிரிகியரே தொன்மையான மக்கள் என்று மன்னன் ஒப்புக்கொண்டானாம். ஆட்டு மந்தையின் அருகே வளர்ந்த குழந்தைகள் ஆட்டின் கத்தலைத்தான் திருப்பிச் சொல்லியிருக்கும் என்று பின்வந்தோர் நகையாடினர். அந்நகைச்சுவையில் ஓர் உண்மையும் ஒளிந்துள்ளது. மறுகுரல் கொடுக்க ஆடு ஒன்றே இருக்குமாயின், குழந்தை ஆட்டோடுதான் பேசும்.

இத்தகைய கொடுமையை இன்று எவரும் செய்யத் துணியார். ஆயினும் 2020-ஆம் ஆண்டில், எவரும் விரும்பாமலே, அதன் மெல்லிய நிழல் ஒன்று உலகின் மீது படிந்தது. கொரோனா என்னும் நுண்கிருமியால் பரவிய கோவிட் நோயைப் பெருந்தொற்று என உலக நலவாழ்வு நிறுவனம் அவ்வாண்டு மார்ச்சு 11-ஆம் நாள் அறிவித்தது. இந்தியாவில் மார்ச்சு 25-ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கிற்று. உயிரைக் காக்க வேண்டிச் செய்த ஏற்பாடு அது. இன்று அதனைக் குறை கூறுதல் எளிது. அன்று வேறு வழி காணுதல் அரிதாயிருந்தது. பெரியோர் பலர் தொழிலை இழந்தனர். மாணவர் பள்ளியை இழந்தனர். தொட்டிலில் கிடந்த குழந்தை எதனை இழந்தது என்று அப்போது எண்ணிப் பார்த்தவர் சிலரே. அதற்குப் பள்ளியும் இல்லை, தொழிலும் இல்லை. தாய் அருகில் இருந்தாள், பால் கிடைத்தது, வீட்டில் அனைவரும் கூடியிருந்தனர். அக்குழந்தைக்கு நேர்ந்த இழப்பைக் காண வேண்டுமாயின், பேச்சு எவ்வாறு பிறக்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

குழந்தை முதற் சொல்லைக் கூறும் நாளைப் பெற்றோர் கொண்டாடுவர். ஆனால் அச்சொல்லுக்கான உழவும் விதைப்பும் ஓராண்டுக்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. கருவிலிருந்தே தாயின் குரலைக் கேட்டுப் பழகிய குழந்தை, பிறந்த சில நாட்களுக்குள் அக்குரலை மற்றொரு பெண்ணின் குரலிலிருந்து பிரித்தறிந்து விரும்புகிறது என்பதை 1980-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இரண்டு மூன்று திங்களில் அது ‘ங்கா’ என்று குரல் கொடுக்கிறது. ‘ங’ என்னும் எழுத்தைச் சொல்லின் முதலில் நிற்கத் தொல்காப்பியர் இடங்கொடுக்கவில்லை. குழந்தையோ இலக்கணம் கற்கும் முன்பே பேசத் தொடங்குவதால் அவ்விதிக்குக் கட்டுப்படுவதில்லை! ஆறேழு திங்களில் உதடுகள் கூடிப் பிரியும் ஒலிகள் தொடர்ந்து வருகின்றன. பகரமும் மகரமும் இரண்டு இதழும் இயைவதால் பிறப்பவை என்பதைத் தொல்காப்பியத்தின் பிறப்பியலில் காணலாம். இவ்வொலிகளைச் செவியால் கேட்பதோடு கண்ணாலும் காணலாம். நான்கு திங்களில் பேசுவோரின் கண்களையே மிகுதியாக நோக்கும் குழந்தை, எட்டுத் திங்கள் அளவில் அவர்களின் வாயை உற்று நோக்கத் தொடங்குகிறது என்று 2012-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு ஒன்று கூறுகிறது. கைவினை கற்பவன் ஆசானின் கைகளை நோக்குவது போல, பேச்சைக் கற்கும் குழந்தை பேசுவோரின் வாயை நோக்குகிறது.

எழுத்துகளின் பிறப்பைக் கூறவந்த தொல்காப்பியர் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என உறுப்புகளை எண்ணிக் காட்டினார். அவற்றுள் செவி இல்லை. ஒலியின் பிறப்புக்கு அது வேண்டுவதன்று. பேச்சின் பிறப்பைக் கூறப் புகுந்தால், செவியையும் சேர்த்தல் வேண்டும். மற்றொருவருடைய வாயையும் சேர்த்தல் வேண்டும்.

இம்மற்றொருவர் வெறுமனே பேசிக்கொண்டிருந்தால் போதுமா? போதாது என்பதைக் காட்டும் இரு சோதனைகள் 2003-ஆம் ஆண்டில் வெளிவந்தன. ஒன்றில் எட்டுத் திங்கள் அளவிலான குழந்தைகளும் அவர்களின் தாய்மாரும் இருந்தனர். குழந்தை குரல் கொடுத்த அந்நொடியே தாய் நகைத்தும் தொட்டும் நெருங்கியும் மறுமொழி காட்டினாள். வேறு சில தாய்மாரும் அவ்வளவே நகைத்தனர், அவ்வளவே தொட்டனர், ஆனால் குழந்தையின் குரலோடு பொருந்தாமல் வேறு வேளைகளில் அவ்வாறு செய்தனர். உடனுக்குடன் மறுமொழி பெற்ற குழந்தைகளின் மழலை சிறிது நேரத்திற்குள்ளேயே பேச்சொலிக்கு நெருங்கி வந்தது. மற்றவர்களின் மழலையில் அம்மாற்றம் இல்லை. இரண்டாம் சோதனை அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நிகழ்ந்தது. ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த ஒன்பது திங்கள் குழந்தைகளுக்குச் சீன மொழி பேசுவோர் 12 முறை நேரில் வந்து கதை படித்து விளையாட்டுக் காட்டினர். அக்குழந்தைகள் ஆங்கிலத்தில் இல்லாத சீன ஒலி வேறுபாட்டை அறிந்துகொண்டன. அதே மனிதர், அதே சொற்கள், அதே அளவு நேரம். ஆனால் தொலைக்காட்சி வழியே என்றபோது குழந்தைகள் ஒன்றும் கற்கவில்லை. ஆவலோடு பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தன.

இவ்வுண்மையின் ஒரு கூற்றை நம் பழம்புலவர் கருவி ஏதுமின்றியே உணர்ந்திருந்தனர். அதியமான் நெடுமான் அஞ்சியின் முன் ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்றில் மழலையின் இயல்பு பேசப்படுகிறது. அது யாழின் இசையோடு ஒத்து வருவதன்று, காலத்தோடு பொருந்துவதன்று, பொருளும் அறியலாகாது, ஆயினும் தந்தையின் உள்ளத்தில் அருளைச் சுரக்கச் செய்கிறது என்பது அவர் கருத்து. பொருள் விளங்குவதற்கு முன்பே தந்தை இளகிவிடுகிறான். குனிந்து மறுமொழி கூறுகிறான். அம்மறுமொழியால்தான் மழலைக்குப் பின்னாளில் பொருள் வந்து சேர்கிறது.

பிள்ளைத்தமிழைப் பக்தி நூலாகவும் சொல்லழகு மிக்க நூலாகவும் படிப்பதே வழக்கம். குழந்தை வளர்ச்சியின் குறிப்பேடாகவும் அதனைப் படிக்கலாம். மூன்றாம் திங்களில் தொடங்கி ஒற்றைப்பட வரும் திங்கள்தோறும் ஒவ்வொரு பருவத்தை அமைத்துக் கூறும் மரபு உண்டு. ஐந்தாம் திங்களில் செங்கீரை. குழந்தை தலை நிமிர்த்தி ஆடுகிறது. ஏழாம் திங்களில் தால். ‘தால்’ என்பது நாவு. நாவை அசைத்துப் பாடுவதால் தாலாட்டு ஆயிற்று என்பர். ஒன்பதாம் திங்களில் சப்பாணி. இரு கைகளையும் கொட்டுமாறு குழந்தையை வேண்டுகின்றனர். பின்னர் முத்தமும் வருகையும். பதினைந்தாம் திங்களில் அம்புலி. தாய் வானத்து நிலவைச் சுட்டிக் காட்டி, குழந்தையோடு விளையாட வருமாறு அதனை அழைக்கிறாள். பாடும் புலவர்க்கு அம்புலி ஒரு புலி என்று சொல்வதுண்டு. அத்துணைக் கடினமாம் அப்பருவம். குழந்தைக்கும் அது சிறு செயலன்று. தாயின் விரல் நுனியைப் பார்ப்பதோடு நில்லாமல், அவ்விரல் காட்டும் திசையில் கண்ணை ஓட்டி, இருவரும் ஒரே பொருளைப் பார்க்கிறோம் என்று உணர்ந்த பின்னரே பெயர்ச்சொல் ஒன்று குழந்தையின் மனத்தில் குடியேறும். சுட்டிய பின்பே சொல் வருகிறது.

இப்பருவங்களில் ஒன்றேனும் குழந்தை தனித்துச் செய்வதன்று. சப்பாணி கொட்டப் பார்ப்பவர் வேண்டும். முத்தம் கேட்க ஒருவர் வேண்டும். வருக என்று அழைக்கச் சற்றுத் தொலைவில் ஒருவர் கை நீட்டி நிற்க வேண்டும்.

தமிழ்நாட்டுத் தெரு ஒன்றை எண்ணிப் பார்த்தால் இவ்வொருவர் எத்தனை பேர் என்பது புலனாகும். காலையில் பால்காரர் வருகிறார். இடுப்பில் குழந்தையோடு தாய் பால் வாங்குகிறாள். அவர் குழந்தையை நோக்கி ஒரு சொல் கூறாமல் செல்வதில்லை. கீரைக்காரி கூடையை இறக்கிவைத்துக் கன்னத்தைத் தொட்டு, “என்னடா ராசா, சாப்பிட்டாயா?” என்கிறாள். எதிர் வீட்டுப் பாட்டி காக்கையைக் காட்டுகிறாள். சோற்றை ஊட்டும்போது நாயும் ஆடும் அணிலும் துணைக்கு அழைக்கப்படுகின்றன. மாமன் வந்து தூக்குகிறான். அத்தை வந்து பெயர் கேட்கிறாள். விடைபெற்றுச் செல்பவர்க்கெல்லாம், “டாட்டா காட்டு” என்று குழந்தையின் கையைப் பிடித்து அசைக்கின்றனர். ‘டாட்டா’ என்பது ஆங்கிலேயர் விட்டுச் சென்ற சொல். தூய தமிழ் விரும்புவோர் வருந்தினாலும், தமிழ்க் குழந்தையின் முதற் சொற்களுள் ஒன்றாக அது அமர்ந்துவிட்டது.

இவ்வயலாரால் விளையும் பெரும் நன்மை ஒன்று உண்டு. குழந்தை பாதிச் சொல்லைக் கூறும்போதே தாய் முழுமையையும் உணர்ந்துகொள்கிறாள். ‘தா’ என்றால் தண்ணீரா, தாத்தாவா, தருவதா என்பது அவளுக்குத் தெரியும். கையை நீட்டினாலும் போதும். கீரைக்காரிக்கு அது தெரியாது. அவள், “என்ன சொல்கிறது குழந்தை?” என்று கேட்கிறாள். குழந்தை மீண்டும் சொல்கிறது. சற்றுத் தெளிவாகச் சொல்ல முயல்கிறது. அன்பு மிக்க தாய் குழந்தையைப் புரிந்துகொள்கிறாள். புரியாத அயலார் குழந்தையைப் பேச வைக்கின்றனர். இரண்டும் வேண்டும்.

ஊரடங்கில் குறைந்துபோனது இவ்விரண்டாம் கூட்டம். தெரு அடங்கிற்று. பால் வாயிற்படியில் வைக்கப்பட்டது. உறவினர் வரவில்லை, திருமணமும் திருவிழாவும் சுருங்கின. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 54,000 அங்கன்வாடி மையங்கள் உள்ளன. 2020 மார்ச்சுத் திங்களில் அவை மூடப்பட்டபோது குழந்தைகளுக்குரிய உணவுப் பொருள்கள் வீடு தேடிச் சென்றன. ஆனால் ஒரு பாயில் அமர்ந்து உண்ணும் கூட்டத்தை வீட்டுக்கு அனுப்ப வழியில்லை. மழலையர் வகுப்புகள் 2022 பிப்ரவரி 16-ஆம் நாள்தான் மீண்டும் திறக்கப்பட்டன. இடையில் இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைந்த காலம் சென்றது. முதியவர்க்கு இரண்டு ஆண்டு என்பது வாழ்நாளில் ஒரு சிறு பகுதி. இரண்டு வயதுக் குழந்தைக்கு அதுவே முழு வாழ்நாள்.

எல்லா வீட்டிலும் ஒரே நிலை இருந்தது என்று கூறுதல் பிழை. நகரத்தில் வேலை நின்று சிற்றூருக்குத் திரும்பிய குடும்பங்களில், குழந்தைக்குப் பாட்டியும் பெரியப்பாவும் அவர் மக்களும் புதிதாகக் கிடைத்தனர். அடுக்குமாடி வீட்டின் ஓர் அறையில், கணிப்பொறியின் முன் நாள் முழுவதும் அமர்ந்திருந்த பெற்றோரின் குழந்தைக்கு அவ்வாய்ப்பு இல்லை. நோயும் கடனும் இறப்பும் புகுந்த வீடுகளில், வாய் இருந்தும் பேச்சு இல்லை. கவலை மிக்க மனம் குழந்தையின் ‘ங்கா’வைக் கேட்டும் கேளாதது போலிருந்துவிடும். அதற்காக அத்தாயைக் குறை கூற எவர்க்கும் உரிமை இல்லை.

இவ்விழப்பு எவ்வளவு என்று அளக்க வேண்டுமானால், பெருந்தொற்றுக்கு முன் பிறந்த குழந்தைகளின் வளர்ச்சிக் குறிப்பு ஒன்று முன்பே எழுதி வைக்கப்பட்டிருத்தல் வேண்டும். அத்தகைய குறிப்பு அயர்லாந்து நாட்டில் இருந்தது. அங்கே 2008 முதல் 2011 வரை பிறந்த 1,629 குழந்தைகள் எந்த வயதில் எதனைச் செய்தன என்பதைப் பெற்றோர் கூறக்கேட்டு ஆய்வாளர்கள் பதிந்திருந்தனர். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் மே வரை, ஊரடங்கின் முதல் மூன்று திங்களில், பிறந்த 309 குழந்தைகளை அவர்களோடு ஒப்பிட்டனர். 2022-ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று.

முதல் பிறந்தநாள் அளவில் பொருளுடைய ஒரு சொல்லையேனும் கூறியவர், முன்பு நூற்றுக்கு 89 பேர். பெருந்தொற்றுக் காலத்தில் 77 பேர். விரலால் சுட்டிக் காட்டியவர் முன்பு 93 பேர். பின்னர் 84 பேர். விடைபெறுவோர்க்குக் கையசைத்தவர் முன்பு 94 பேர்; பின்னர் 88 பேர். ஒன்றில் மட்டும் புதிய குழந்தைகள் முந்திக்கொண்டன. தவழ்ந்தவர் முன்பு நூற்றுக்கு 91 பேராக இருக்க, இப்போது 97 பேருக்கு மேல் தவழ்ந்தனர்!

இக்கணக்கை ஊன்றிப் பார்ப்பவர்க்கு அதில் ஒரு வீட்டின் படமே தெரியும். வருவார் இல்லாத வீட்டில் விடைபெறுவார் ஏது? விடைபெறுவார் இல்லாதபோது குழந்தை யாருக்குக் கையசைக்கும்? நாள்தோறும் கண்ட சுவரையும் நாற்காலியையும் எந்தக் குழந்தையும் வியந்து சுட்டுவதில்லை; புதியதைக் கண்டால்தான் விரல் நீளும். வெளியே செல்லாமல் தரையிலேயே கிடந்ததால் தவழ்வதற்கு மட்டும் இடமும் நேரமும் மிகுதியாயின. ஆய்வாளர்களும் ஏறத்தாழ இவ்வாறே காரணம் கூறினர். தன் வயதொத்த மற்றொரு குழந்தையை முதல் பிறந்தநாள் வரை ஒருமுறையேனும் காணாத குழந்தைகள் அவர்களில் நாலில் ஒரு பங்கினர். தன்னைப் போன்ற ஓர் உயிர் உலகில் உண்டென்பதையே அவை அறியவில்லை.

இதனைக் கொண்டு ஒரு தலைமுறையே பேச்சிழந்தது என்று அலறுவோரும் இருந்தனர். அது மிகைக் கூற்று. பெற்றோர் நினைவிலிருந்து கூறியதைக் கொண்டு எழுதிய கணக்கு இது. முற்றிலும் துல்லியமானது என்று கொள்ளலாகாது. மேலும், நூற்றுக்கு 77 குழந்தைகள் பேசவே செய்தன. 2024-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 50,000-க்கு மேற்பட்ட குழந்தைகளின் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்தோர், பேச்சும் கருத்துப் பரிமாற்றமும் பற்றிய மதிப்பெண் நூற்றுக்கு மூன்று அளவே தாழ்ந்தது என்றனர். அளவு சிறிதுதான், ஆனால் இத்துணைக் குழந்தைகளிடையே பரவிக் கிடக்கும்போது, முன்னரே பேச்சில் தளர்ந்திருந்த குழந்தைகளை அது இன்னும் ஒருபடி கீழே தள்ளிவிடும்.

இதற்கு மாறான செய்தி ஒன்றும் உண்டு. முதல் ஊரடங்கின்போது 13 நாடுகளில், எட்டு முதல் 36 திங்கள் வயதுடைய 1,742 குழந்தைகளின் சொல்வளத்தைப் பற்றி அவர்களின் பெற்றோரைக் கேட்டனர். எதிர்பார்த்ததற்கு மேலாகவே குழந்தைகள் புதுச்சொற்களைக் கற்றிருந்தனர். பெற்றோர் வீட்டில் இருந்து மிகுதியாகப் பேசினர் போலும். அல்லது, முன்பு கவனியாத சொற்களை இப்போது கவனித்தனர் போலும். அக்குழந்தைகளுக்குள்ளும் வேறுபாடு இருந்தது. மிகுதியாகப் புத்தகம் படித்துக் காட்டப்பெற்றவர்களும், குறைவாகத் திரையைப் பார்த்தவர்களும் மற்றவர்களை விட மிகுதியான சொற்களைக் கற்றனர். ஊரடங்கு ஒன்றாக இருந்தும் விளைவு ஒன்றாக இல்லை; வீட்டுக்குள் மறுமொழி இருந்ததா என்பதே அதனை முடிவு செய்தது.

பலர் அஞ்சியது முகக்கவசத்தைக் கண்டு. வாயை நோக்கிக் கற்கும் குழந்தைக்கு வாயே தெரியாவிட்டால் என்னாகும் என்பது பொருளுடைய அச்சமே. ஆனால் சிங்கப்பூரில் இரண்டு வயதுக் குழந்தைகளைக் கொண்டு செய்த ஆய்வு 2021-இல் வேறுவிதமாகக் கூறிற்று. துணிபோல் மறைக்கும் கவசத்தின் வழியே பேசியபோதும் அவை தமக்குத் தெரிந்த சொற்களை அறிந்துகொண்டன; வாய் தெரியும்படி கண்ணாடி போன்ற மறைப்பை அணிந்து பேசியபோதுதான் தடுமாறின. குழந்தையின் செவி பெரியோர் எண்ணுவதை விடக் கூர்மையானது. தவிர, தாய் வீட்டுக்குள் கவசம் அணிந்திருக்கவில்லை. ஆகவே, மறைந்த வாய்களை விட வாராத வாய்களே பெரிய இழப்பு எனலாம்.

வாராதவர் இடத்தில் வந்து அமர்ந்தது கைப்பேசி. அதனையும் இரண்டாகப் பிரித்தே மதிப்பிடுதல் வேண்டும். ஓடிக்கொண்டே இருக்கும் படம் குழந்தையைப் பாராது. குழந்தை என்ன குரல் கொடுத்தாலும் அது தன் பாட்டைப் பாடிக்கொண்டே செல்லும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே கூடாது என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேல் வேண்டா என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் 2019-ஆம் ஆண்டிலேயே கூறியிருந்தது. அடுத்த ஆண்டே அவ்வறிவுரையைக் காற்றில் விட வேண்டிய நிலை பல வீடுகளில் நேர்ந்தது. ஆனால் தொலைவிலுள்ள பாட்டி அதே கைப்பேசியில் முகம் காட்டிப் பேசும்போது நிகழ்வது வேறு. குழந்தை ‘காக்கா’ என்றால் பாட்டி, “எங்கேடா கண்ணு காக்கா?” என்கிறாள், குழந்தை திரும்பிப் பார்க்கிறது, பாட்டி காத்திருக்கிறாள். இரண்டரை வயதுக்குட்பட்ட குழந்தைகள் இவ்வாறு எதிரெதிர் உரையாடும் திரையின் வழியே புதுச்சொல்லைக் கற்றன என்றும், பதிந்து வைத்த படத்தின் வழியே கற்கவில்லை என்றும் 2014-ஆம் ஆண்டிலேயே ஆய்ந்து கண்டனர். பாட்டியின் அணைப்பைக் கைப்பேசி தரவில்லை. அவளுடைய மறுமொழியை ஓரளவு தந்தது.

இங்கே பெற்றோர் அறிய வேண்டுவது ஒன்று. 2020-ஐ அடுத்துப் பிறந்த குழந்தை பேசத் தாழ்ந்தால், “ஊரடங்கில் பிறந்தது, தானே பேசும்” என்று கூறி ஆறியிருக்கும் வழக்கம் பரவியது. ‘அவன் அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினான்’ என்னும் பழைய ஆறுதலுக்கு இது புதிய உடன்பிறப்பு. பேச்சுத் தாழ்வதற்குச் செவிக்குறையும் காரணமாகலாம்; வேறு வளர்ச்சிக் குறைகளும் காரணமாகலாம். செவியைச் சோதித்தல் வலியற்ற செயல். பிறந்த சில நாட்களிலேயே செய்யத்தக்கது. பெருந்தொற்றுக் காலத்தில் மருத்துவமனை செல்ல அஞ்சிப் பலர் அச்சோதனையைத் தள்ளிப்போட்டனர். செவி கேளாத குழந்தைக்குக் கருவியும் பயிற்சியும் காலத்தில் கிடைத்தால் அதுவும் மொழியைப் பெறும். சைகை மொழியும் குறைவற்ற மொழியே. காத்திருப்பதால் கழியும் ஒவ்வோர் ஆண்டும் நட்டமாகும். காலத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் காதைப் பாராதிருத்தல், கிருமி செய்யாத தீங்கை மனிதர் செய்வதாகும்.

ஊமை மாளிகையின் குழந்தைகளைப் பற்றி அபுல் பாசல் அதற்குமேல் எழுதவில்லை. ஊரடங்கில் பிறந்த குழந்தைகளின் வரலாறு அவ்வாறு நின்றுவிடவில்லை. கதவுகள் திறந்தன. அங்கன்வாடியின் பாய் மீண்டும் விரிக்கப்பட்டது. தாயின் முந்தானையை விடாமல் அழுத குழந்தைகளும், பேசினால் வீட்டார் அன்றிப் பிறர்க்கு விளங்காத குழந்தைகளும் அதில் வந்து அமர்ந்தன. 2020-இல் பிறந்தவர்கள் 2025-ஆம் ஆண்டில் முதல் வகுப்பில் சேரும் வயதை எட்டினர். அவர்களுக்கு அண்ணனோ அக்காவோ ஆனவர்கள் இன்று உயர்நிலைப் பள்ளிகளில் பயில்கின்றனர். மாலையில் வீடு திரும்பும் அவர்களை வாயிலிலேயே மறித்து, அன்று பள்ளியில் நடந்ததை எல்லாம் முன்பின் மாறிக் கூறத் தொடங்குகிறது இளையது. பாதிச் சொற்கள் விழுங்கப்படுகின்றன. கதையில் நாய் வருகிறது, ஆசிரியை வருகிறார், யாரோ ஒருவன் பென்சிலை எடுத்துக்கொண்டான். “யார் எடுத்தது?” என்று மூத்தது பையை இறக்கி வைத்துக்கொண்டே கேட்கிறது. இளையது மூச்சு வாங்கி, முதலிலிருந்து மீண்டும் சொல்கிறது.